அட்டையில் டைட்டானியம், தொடையில் ஸ்டீல்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் ஒரு மணி இருக்கும். விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்.

எங்கள் கடை என்ன கடை என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கை கால் எலும்பு உடைந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்து உள்ளே பிளேட், ஸ்குரூ, ராடு என்று வைப்பார்கள் இல்லையா, அவற்றை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் கடை. ஆபரேஷன் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், தியேட்டருக்குள்ளேயே நின்று, டாக்டர் கேட்கிற அளவை எடுத்துக் கொடுப்பது என் வேலை. பதினைந்து வருஷமாகச் செய்கிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் நுழையாத ஆபரேஷன் தியேட்டர் கிடையாது.

அன்று கடைக்கு ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கரும்பு வெட்டும் ஆட்களின் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி கறுத்துக் காய்த்த கை. அதில் ஒரு பெரிய ஸ்கேன் கவர். வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே நின்று, ஒரு பழைய டிஸ்சார்ஜ் அட்டையை நீட்டினார்.

"தம்பி, இதுல இருக்கற சீலு உங்க கடை சீலுதானா பாருங்க."

எங்கள் கடை முத்திரைதான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். காணைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மனைவிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"கரண்டு வைக்கணும்னு சொல்லிட்டாங்க தம்பி. ஸ்கேன்லாம் எடுத்து, வயித்துல மார்க்லாம் போட்டு ரெடி பண்ணிட்டாங்க. இப்ப இன்னாடான்னா, தொடையில இருக்கற ராடு இன்னா இரும்புன்னு தெரியாம ஆரம்பிக்க முடியாதுன்றாங்க. அட்டையில டைட்டானியம்னு போட்டிருக்குன்னு காமிச்சேன். அந்த மேடம் பாத்துட்டு, எனக்கு சந்தேகமா இருக்கு, வெச்ச எடத்துல போயி எழுதி வாங்கிக்கினு வாங்கன்னுட்டாங்க."

அதற்காகக் காலையில் முதலில் திண்டிவனம் போயிருக்கிறார். ராடு வைத்த நர்ஸிங் ஹோம் இப்போது இல்லை. டாக்டர் காலமாகி நாலைந்து வருஷமாகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது பர்னிச்சர் கடை. எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர்தான் அட்டையிலிருந்த முத்திரையைப் படித்துப் பார்த்து விழுப்புரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

"ஒரே ஒரு லெட்டர் குடுத்துடுங்க தம்பி. நாலு நாளு ஆயிடுச்சி. அவ வார்டுல படுத்துக்கினு, எப்ப ஆரம்பிப்பாங்க, எப்ப ஆரம்பிப்பாங்கன்னு கேட்டுக்கினே இருக்கா."

இதெல்லாம் எங்களுக்குப் பழக்கமான வேலை. வருஷத்துக்கு நாலு பேராவது இப்படி வருவார்கள். கடை லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிடுவேன். ஐந்து நிமிஷம் ஆகாது. "இருங்கண்ணே, இப்பவே தர்றேன்" என்று சொல்லி, பேனாவை எடுத்துக்கொண்டு அட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் நம்பரைப் பார்த்தேன். நர்ஸிங் ஹோமின் பெயரைப் பார்த்தேன். ஆபரேஷன் நடந்த தேதியைப் பார்த்தேன்.

அந்த ஆபரேஷனை நான் மறக்கவே இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. திண்டிவனத்தில் அந்த டாக்டர் கைராசிக்காரர். கோபமும் ஜாஸ்தி. ஒரு பெண்மணிக்குத் தொடை எலும்பு இடுப்பை ஒட்டி உடைந்திருந்தது. பத்து மில்லிமீட்டர் கனத்தில் டைட்டானியம் ராடு வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். கொண்டுபோயிருந்தேன். ஆபரேஷன் ஆரம்பித்த உடனேயே நர்ஸ் ஸ்டிக்கரைக் கேட்டார். ஒவ்வொரு ராடிலும் ஒரு நம்பர் பொறித்திருக்கும். கூடவே வரும் ஸ்டிக்கரிலும் அதே நம்பர் இருக்கும். எந்த ராடு உடம்புக்குள் போகிறதோ அதன் ஸ்டிக்கரை நோயாளியின் டிஸ்சார்ஜ் அட்டையில் ஒட்ட வேண்டும். ராடு உள்ளே போன பிறகுதான் ஒட்ட வேண்டும். நான் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். அவர் ஒட்டிவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எலும்பைக் குடைந்த பிறகு பார்த்தால் உள்ளே வழி குறுகலாக இருந்தது. பத்து மில்லி போகாது. "ஒன்பது குடு" என்றார் டாக்டர். டைட்டானியத்தில் ஒன்பது என் பெட்டியில் இல்லை. ஸ்டீலில் இருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஸ்டீலையே குடு, ஒண்ணும் கெட்டுப் போவாது. ஆனா பெட்டியைப் பாக்காம தியேட்டருக்குள்ள வர்ற ஆளு எனக்கு வேணாம். இன்னியோட நீ வராதே."

எல்லார் முன்னாலும் சொன்னார். ஸ்டீல் ராடு நன்றாகவே பொருந்தியது. தையல் போட்டு முடித்தார்கள். நான் அந்த ஸ்டிக்கரைத் தேடிப் போய் மாற்றி ஒட்டியிருக்க வேண்டும். நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் முகம் சுண்டிப்போய் நின்ற எனக்கு, அந்த இடத்தை விட்டு எப்போது போவோம் என்றுதான் இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்துவிட்டேன். கடையில் பில்லை ஸ்டீலுக்குத்தான் போட்டேன், அதில் தப்பு செய்யவில்லை. ஸ்டிக்கரை மட்டும் அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அந்த டாக்டர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனால் மறுபடி திட்டு விழும் என்ற பயம். அப்படியே விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் அது பொய்.

உள்ளே போகாத அந்த டைட்டானியம் ராடு கடைக்குத் திரும்பி வந்தது, ஸ்டிக்கர் இல்லாமல். ஸ்டிக்கர் எங்கே என்று முதலாளி கேட்டதற்கு, கம்பெனியிலேயே வைக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். ஸ்டிக்கர் இல்லாத ராடை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. ஒவ்வொரு வருஷமும் சரக்கு எண்ணும்போது அதை ரேக்கின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். ரேக்கின் மூலையிலிருந்து ராடை எடுத்து, தூசியைத் துடைத்து, அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். ஒன்று விடாமல் எல்லாம் சரியாக இருந்தது. அந்த அம்மாவின் தொடைக்குள் இருப்பதாக அட்டை சொல்லும் ராடு என் கையில் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது அந்த அம்மாவைப் பற்றி இல்லை. என்னைப் பற்றித்தான். டாக்டர் உயிரோடு இல்லை. நர்ஸிங் ஹோம் இல்லை. எங்கள் பழைய பில் புத்தகங்கள், பெருமழையில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிக் கூழாகிவிட்டன. இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். டைட்டானியம் என்று எழுதிக் கொடுத்தால் அவரும் சந்தோஷமாகப் போய்விடுவார், சிகிச்சையும் ஆரம்பித்துவிடும், எனக்கும் தொல்லை இல்லை. மேஜையில் வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 'மேற்படி நோயாளிக்கு எங்கள் நிறுவனம் வழங்கிய டைட்டானியம்' என்பது வரை எழுதிவிட்டேன்.

கை அங்கே நின்றது. சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "அந்த மேடத்துக்கு ஏன்ணே சந்தேகம் வந்தது?"

"ஸ்கேன் படத்துல வெள்ளை வெள்ளையா கோடு அடிக்குதாம் தம்பி. எனக்கும் காமிச்சாங்க. மத்தாப்பு கொளுத்துனா பூப்பூவா தெறிக்கும் பாருங்க, அப்பிடி. டைட்டானியமா இருந்தா இவ்ளோ அடிக்காதாம். அந்தக் கோட்டுக்குள்ள எது கட்டி, எது மூத்திரப்பைன்னு தெரியலியாம். இன்னா மெட்டலுன்னு தெரிஞ்சாத்தான் கரண்டு எவ்ளோ வைக்கறதுன்னு கணக்குப் போட முடியுமாம்."

எங்கேயோ ஒரு அறையில் யாரோ ஒருவர், என் பொய்யான ஸ்டிக்கரைப் பார்த்து இது சரியில்லையே என்று நாலு நாளாக வேலையை நிறுத்திவைத்திருக்கிறார். இந்த லெட்டர் போனால் அவர் சந்தேகத்தை விட்டுவிட்டு இதை நம்புவார். முத்திரையோடு இருக்கும் லெட்டரை நம்பாமல் என்ன செய்வார்? நம்பி, தப்பான கணக்கைப் போடுவார். லெட்டரைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். கோவப்படாம கேளுங்க" என்று ஆரம்பித்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். ராடையும் அட்டையையும் காட்டி நம்பரைப் படித்துக் காட்டினேன். அவர் ராடைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப, வேற இரும்பு வெச்சதாலதான் அவளுக்கு இந்த நோவு வந்துச்சா தம்பி?"

அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. "இல்லண்ணே, ஸ்டீலும் எல்லாருக்கும் வைக்கறதுதான், அதனால வராது" என்றேன். ஆனால் எனக்கு அது நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். அவரிடமும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "எட்டு வருஷமா வாயைத் தொறக்காம இருந்துட்டு இன்னிக்கி ஏன்யா சொல்றே? கேஸு கீஸுன்னு போனா கடையை மூட வேண்டியதுதான், தெரியுமில்ல?" என்று கத்தினார்.

வந்தவர் எழுந்து நின்றார். "நான் எந்தக் கேஸுக்கும் போவலீங்க. எனக்கு அவ பொழைச்சிக்கினாப் போதும். சரியான பேரை எழுதிக் குடுங்க, நான் போறேன்."

முதலாளி உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே லெட்டர்பேடை என் முன்னால் நகர்த்திவைத்தார். "நடந்தது நடந்தபடி எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்." எழுதி முடித்ததும் படித்துப் பார்த்துவிட்டு, "லெட்டரை மட்டும் குடுத்தனுப்பினா அவங்க இன்னொரு கேள்வி கேப்பாங்க, இவரு மறுபடி பஸ் ஏறணும். அந்த ராடையும், ஸ்டீல்ல ஒன்பது மில்லி ஒண்ணையும் எடுத்துக்கினு நீயே நேர்ல போ" என்றார்.

இரண்டு ராடையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். கோலியனூர் தாண்டும் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தானாகவே, மனைவிக்கு எப்படிக் கால் உடைந்தது என்று சொன்னார். திண்டிவனம் பக்கம் தங்கச்சி ஊருக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போயிருக்கிறார்கள். வேலை முடிந்து ரோட்டோரம் நடந்து வரும்போது பைக்கில் வந்த ஒருவன் இடித்துவிட்டுப் போய்விட்டான். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாசம் அந்த அம்மா நடவுக்குப் போய்விட்டாராம். "அந்த ராடு நல்லாத்தான் இருந்துச்சி தம்பி. ஒரு நாளு கூட வலின்னு சொன்னதில்ல" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நாலு மணி. கதிர்வீச்சுப் பிரிவு தரைக்குக் கீழ்த் தளத்தில் இருந்தது. எவ்வளவு கதிர், எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுத் தருவதற்கென்றே அங்கே தனியாக ஆள் இருக்கிறார்கள். பிசிசிஸ்ட் என்கிறார்கள். மேடம் என்றதும் நான் வயதானவராக நினைத்திருந்தேன். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

லெட்டரைக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "அப்பாடா!" என்றார்.

நான் விழித்தேன்.

"நாலு நாளா இந்தப் படத்தையே பாத்துட்டு இருக்கேன் சார். பேப்பர்ல டைட்டானியம்னு இருக்கு. படம் அப்படிச் சொல்லல. எனக்குத்தான் ஏதோ தப்பாத் தெரியுதோ, தேவையில்லாம ஒரு பேஷன்டைக் காக்க வைக்கிறோமோன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க மட்டும் டைட்டானியம்தான்னு எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா, இன்னிக்கு அதை நம்பி பிளானை முடிச்சிருப்பேன்."

கிழித்துப் போட்ட அரை லெட்டர் ஞாபகத்துக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். இடுப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு வட்டப் படம். ஒரு ஓரத்தில் பளீரென்று ராடு. அதிலிருந்து வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் அந்த வட்டம் முழுக்கப் பாய்ந்திருந்தன. அவர் விரலை வைத்துக் காட்டினார். இந்தக் கோடுகள் எதுவும் உடம்பில் இல்லை, இரும்பைத் தாண்டி எக்ஸ்ரே சரியாகப் போகாததால் மெஷின் போடும் தப்புக் கணக்கு. ஆனால் கட்டியும் மூத்திரப்பையும் மலக்குடலும் இந்தக் கோடுகளுக்குள் மறைந்துகிடக்கின்றன. இந்தக் கோடுகளைக் குறைக்க ஒரு புரோகிராம் இருக்கிறது. "ஆனா அதுவும் ஊகம் பண்ணித்தான் சார் படத்தைச் சரி பண்ணும். அதை முழுசா நம்பிட முடியாது. உள்ள இருக்கறது என்ன மெட்டல்னு நான் கரெக்டா சொன்னாத்தான், கதிர் அதுல பட்டா எவ்வளவு குறையும்னு கணக்கு வரும். டைட்டானியத்தைவிட ஸ்டீல் அடர்த்தி ஜாஸ்தி. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

நான் துணியைப் பிரித்து இரண்டு ராடையும் மேஜைமேல் வைத்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டில் காணாமல் போன நகை கிடைத்தவர் மாதிரி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதை நான் ஸ்கேன் பண்ணிப் பாக்கலாமா?"

சாயங்காலம் கடைசி நோயாளியும் போன பிறகு, துப்புரவு செய்யும் அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, அதில் தண்ணீர் நிரப்பினார். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தானே, அதற்குப் பதிலாம். தெர்மாகோல் துண்டு வெட்டி, ராடு அசையாமல் நிற்கும்படி நான் வைத்துக் கொடுத்தேன். முதலில் டைட்டானியம். திரையில் ராடைச் சுற்றிக் கொஞ்சம் கோடுகள் வந்தன. அடுத்தது ஸ்டீல். தொட்டி முழுக்க மத்தாப்பு தெறித்தது. அதற்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் படத்தை வைத்தார். படிக்காதவர்கூடச் சொல்லிவிடுவார், இரண்டும் ஒன்று என்று. அவர் அதோடு விடாமல், வழக்கமான அளவில் பார்த்தால் இரண்டு உலோகமும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும் என்று சொல்லி, அந்த அளவை இன்னும் மேலே வரைக்கும் நீட்டிவைத்து, உலோகத்தின் அடர்த்திக்கு மெஷின் காட்டும் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவையும் ஒத்துவந்தன.

அந்த அண்ணன் இதையெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிசிசிஸ்ட் வெளியே வந்ததும், கடையில் என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்.

"ஐயா, ராடுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்ல. இது வேற காரணத்தால வர்றது. ஸ்டீல் வெச்சதுல தப்பே இல்ல. என்ன வெச்சிருக்குன்னு தெரியாம இருந்ததுதான் பிரச்சனை. இப்ப தெரிஞ்சிடுச்சு. அந்த ராடு மேல படாத மாதிரி, மத்த பக்கத்துலருந்து கதிர் வர்ற மாதிரி வெக்கலாம். டாக்டர்கிட்டயும் நான் பேசறேன்."

அவர் அப்படியே அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. நானும் பிசிசிஸ்ட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்த அம்மாவைப் பார்க்காமல் போக எனக்கு மனசு வரவில்லை. அண்ணனோடு மாடிக்குப் போனேன். ஒல்லியாக, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் பக்கத்தில் போய், "அக்கா, தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க" என்றேன். பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் எத்தினி பேருக்கு இப்பிடி ஒட்டி வெச்சிருக்கே?"

"எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் இது ஒண்ணுதான்க்கா."

"ஞாபகம் இல்லாதது?"

கணவர், "வுடுடி, அவுரே தேடி வந்து சொல்றாரு" என்றார். "சொல்றாரு, நல்லதுதான். நாலு நாளு நான் இங்க உசுர கையில புடிச்சிக்கினு இருந்தேன், அதையும் அவுரு தெரிஞ்சிக்கட்டும்" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டார். நான் சாப்பிடவில்லை. பொய் சொல்ல வாய் வந்தது. அன்றைக்கு இன்னொரு பொய் வேண்டாம் என்று, "இல்லக்கா" என்றேன். கணவரைப் பார்த்து, "கேன்டீனுக்கு இட்டுக்கினு போ" என்றார்.

புதன்கிழமை அந்த அம்மாவுக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். கோடுகளைக் குறைக்கும் புரோகிராமையும் ஓட்டினார்களாம். இந்தத் தடவை மூத்திரப்பை, குடல், கட்டி எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது என்று பிசிசிஸ்ட் போன் செய்து சொன்னார். சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இருந்தும் சொன்னார். வெள்ளிக்கிழமை முதல் நாள் சிகிச்சை. அண்ணன் அங்கிருந்தே போன் செய்தார். "பத்து நிமிசந்தான் தம்பி. உள்ள போனா, வந்துட்டா. ஒண்ணுமே தெரியலன்றா." பைக்கைச் சாலையோரம் நிறுத்திவிட்டுத்தான் பேசினேன். பேசி முடித்த பிறகும் வண்டியைக் கிளப்பக் கொஞ்ச நேரமானது.

ஐந்து வாரம் தினமும் கதிர்வீச்சு. அதன் பிறகு, கதிர் தரும் பொருளையே கர்ப்பப்பை வாய்க்குள் வைத்துக் கொடுக்கும் சிகிச்சையும் முடிந்தது. நடுவில் வயிற்றுப்போக்கு, சாப்பாடு பிடிக்காமை என்று அந்த அம்மா ரொம்பவே கஷ்டப்பட்டார். மூன்று மாசம் கழித்துப் பரிசோதனையில் கட்டி இல்லை என்று சொன்னார்கள். இனிமேலும் தவறாமல் வந்து காட்ட வேண்டும், ஆனால் இப்போதைக்கு நன்றாக இருக்கிறார் என்றார்களாம். அண்ணன் அன்று அழுதுகொண்டே பேசினார். நானும் அப்படித்தான்.

முதலாளி எனக்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில், "பழைய ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்துடு. அவங்க புக்குல நம்ம ராடு எங்கெங்க ஏறியிருக்குன்னு பாரு, நம்ம சரக்கோட ஒத்துப்போவுதான்னு பாரு" என்றார். போனேன். விழுப்புரத்தில் நாலு இடம், திண்டிவனத்தில் மூன்று இடம். வேலை முடிந்த சாயங்காலங்களில் உட்கார்ந்து பார்த்ததில் இரண்டு மாசம் ஓடிவிட்டது. இன்னொரு ஸ்டிக்கர் மாறியிருந்தது. கைக்கு வைத்த பிளேட், அளவு மட்டும் தப்பு, உலோகம் சரிதான். அந்த ஆளைத் தேடிப் பிடித்து அட்டையைத் திருத்திக் கொடுத்தேன். அவர் எதற்காக இவ்வளவு தூரம் வந்தாய் என்கிற மாதிரி பார்த்துவிட்டு, மோர் கொடுத்து அனுப்பினார்.

அந்த அம்மாவிடம் போன் போட்டு, "இன்னொண்ணு இருந்துச்சிக்கா, சரி பண்ணிட்டேன்" என்று சொன்னேன். அவர் சிரித்த சத்தம் முதல்முறையாகக் கேட்டது. "சரி, இனிமே ஒழுங்கா ஒட்டு" என்றார்.

இப்போதும் தியேட்டரில் தையல் போட்டு முடிக்கும் வரைக்கும் ஸ்டிக்கரைக் கொடுக்க மாட்டேன். அவசரப்படும் நர்ஸ்கள் என்னைக் கிண்டல் செய்வதும் உண்டு. வெறும் காகிதத் துண்டு என்று நான் நினைத்தது, எட்டு வருஷம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் ஒரு உயிரைக் காப்பாற்ற நம்பிக் கையில் எடுக்கும் காகிதம் என்று எனக்குத் தெரிய இவ்வளவு காலம் ஆனது. அந்த அம்மா உயிரோடு இருக்கிறார் என்பதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை, நான் சம்பாதித்ததாக நினைக்கவில்லை, எனக்குக் கொடுக்கப்பட்டதாகவே நினைக்கிறேன்.